மலையின் பாடபேதங்கள்

கிருதயுகத்தில் நெருப்பாகவும் திரேதாயுகத்தில் மாணிக்கமாகவும் துவாபரத்தில் பொன்னாகவும் இருந்தது, இந்தக் கலியில் கல்லாக நிற்கிறது என்பது அண்ணாமலையைப் பற்றி இங்கே பிறந்த எவனுக்கும் தெரிந்த கதை. எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறோம். எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் அதில் ஒரு விஷயம் உறைத்தது. நான்கு யுகங்களில் ஒன்றிலாவது இந்த மலை பச்சையாக இல்லை. பெயரே செம்மலை, அருணம் என்றால் சிவப்பு. புராணங்களில் காடு வரும்தான், ரிஷிகள் தவம் செய்ய ஓர் இடம் வேண்டுமே. ஆனால் மலையின் சாரம் காடு என்று யாரும் சொல்லவில்லை. நெருப்பு, மணி, பொன், கல்.

இதை இப்போது எழுதக் காரணம், கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கல்லின் மேல் சிலர் மரம் வைத்து வருகிறார்கள் என்பதும், அவர்கள் செய்வதற்கு ‘மீட்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும். மீட்பு என்ற சொல் வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தினசரிப் பழக்கமானது. மீட்க வருகிறவரிடம் ரசீது இருக்கும். வைத்த நகையின் எடை, கல் எத்தனை, அறுந்த கண்ணி எது என்று எழுதியிருக்கும். மலைக்கு அப்படி ஒரு ரசீது எங்கே இருக்கிறது? யார், எந்தத் தேதியில், எதை அடகு வைத்தார்கள்?

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் குழி தோண்டப் போனேன். கிரிவலப் பாதையை விட்டு விலகி உள்ளே நடந்து, பாறைச் சரிவில் ஏறி, இருபது பேர். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும். எனக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியவில்லை என்பதைக் கண்டுகொண்டு, பதினெட்டு வயதிருக்கும் ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டாள். “இதெல்லாம் ஒரு காலத்துல அடர்ந்த காடு, சார்” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இப்படிக் கேட்டுக் கேட்டு நாக்கு கெட்டுப் போயிருக்கிறது. அவள் அசரவில்லை. “சம்பந்தர் பாடியிருக்காரே, அருவின்னு, யானைன்னு.”

அவள் சொன்னது தப்பில்லை. சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகங்களில் அருவி ஒலிக்கிறது, வேடர்கள் வருகிறார்கள், காட்டு மிருகங்கள் நடமாடுகின்றன. ஆனால் கவிதையை வனத்துறைப் பதிவேடாகப் படிக்கும் இந்தப் பழக்கம் நம்முடைய பெரிய வியாதி. மலைத்தலம் என்றால் அருவி உண்டு, குறிஞ்சி என்றால் முருகனும் தினையும் மூங்கிலும் உண்டு என்பது மரபு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்பதற்காக, ஒரே குன்றில் ஒரே காலையில் அத்தனையும் பூத்திருந்தன என்று தாவரவியல் முடிவுக்கு வருகிறவர் கவிதையையும் படிக்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. கவிஞன் மலையைப் பாடும்போது தனக்கு முன்னால் பாடப்பட்ட மலைகளையும் சேர்த்துத்தான் பாடுகிறான். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் அநேகமாக எல்லோருமே எழுதுகிறவர்கள். நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்காகக் கவிதையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நமக்கு மிக அருகில் நிகழும் சங்கப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். பேருந்தில் ஒரு மணி நேரம். அதில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்பார்கள். மழை பெய்து ஓய்ந்த நாட்களில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து நீலமாகத் தெரியும். கூத்தர்களை நன்னனிடம் அனுப்பும் ஆற்றுப்படை என்பதால், பாட்டின் பெரும்பகுதி வழி சொல்வதுதான். வழி சொல்கிறவன் எங்கே எச்சரிக்கிறான் என்று பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனம் காப்பவர் கவணில் எறியும் கல் படாமல் ஒதுங்கிப் போ. மரபுக்காக யாரும் பன்றிப்பொறியைச் சொல்லமாட்டார்கள். அங்கே ஆள் இருக்கிறான். காட்டை எரித்துப் புனமாக்கி, தினை விதைத்து, பன்றியை விரட்டிக்கொண்டு ஒருவன் இருக்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் போனாலும் நமக்குக் கிடைப்பது கைபடாத கானகம் அல்ல, வேலை நடக்கும் மலை.

மூலபாடம் தேடுகிறவர்களின் சங்கடம் இதுதான். உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை செல்லரித்த ஏடுகள். ஒரு பிரதியில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். இரண்டிலும் இருப்பது மாறுபடும். எது கிடைக்கவில்லையோ அந்த இடத்தை இட்டு நிரப்பாமல் விட்டுவைக்கிற நேர்மை அவருடைய பதிப்புக்கு உண்டு. அவருக்கு அந்த மரியாதை வந்தது தமிழறிவால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. புள்ளி வைத்து இடம்விடத் தெரிந்ததாலும்தான். மலையில் மரம் வைக்கிறவர்களும் ஒருவகைப் பதிப்பாசிரியர்கள். அவர்களிடம் நான் கேட்க விரும்புவதும் இதைத்தான்: புள்ளி எங்கே?

நமக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1767 செப்டம்பரில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் படைகளோடு கர்னல் ஸ்மித் மோதினார். அந்த நூற்றாண்டு முழுக்கக் கோயில் கோட்டையாகப் பயன்பட்டது. படை தங்கினால் அடுப்பு எரியும். அடுப்புக்கு விறகு வேண்டும். 1856இல் சென்னை ராஜதானியில் வன இலாகா வந்தது, கிளெக்ஹார்ன் அதன் தலைவர். 1882இல் சென்னை வனச் சட்டம். சட்டம் வந்த காலமும், இந்தப் பக்கத்தில் ரயில் வந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது அப்போது புதிதாகப் போட்டிருந்த அந்த ரயிலில்தான். ரமணரின் சரித்திரத்தில், நரசிம்ம ஸ்வாமி 1931இல் எழுதிய புத்தகத்திலேயே, மலையில் சிறுத்தை வருகிறது, புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை இடித்துக் குளவிகள் கொட்டுகின்றன. ஆனால் ஆசிரமத்துப் பழைய புகைப்படங்களில் அவருக்குப் பின்னால் தெரியும் மலை மொட்டை. சிறுத்தை வாழ்ந்த மொட்டை மலை. இரண்டும் பொய்யில்லை. ஓடைகளிலும் பாறை இடுக்குகளிலும் மரம் தங்கியிருந்தது, சரிவுகளில் புல்.

அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காடு எப்படிப் போயிற்று என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் மூன்று காரணங்கள் விறகு, மேய்ச்சல், தீ. தீ வைத்தது யார் என்றால் உடனே வரும் பதில், “புல் அறுக்கிறவங்க.” அன்று மலைச்சரிவில் குழி தோண்டிக்கொண்டிருந்தபோதும் இந்தப் பதிலைக் கேட்டேன். சொன்னவர் நல்ல மனுஷர். நான் ஒன்றும் பேசவில்லை.

என் ஆயா புல் அறுத்தவள்.

கல்யாணமாகி வந்த மறுவருஷத்திலிருந்து அறுத்தாள். பொங்கல் கழிந்து புல் வெளுக்கத் தொடங்கியதும், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஏறுவார்கள். கருக்கருவாளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். காப்புக்காடு, கார்டு கண்ணில் படக்கூடாது. எலுமிச்சை வாசனை அடிக்கும் ஆளுயரப் புல். அறுத்து, அங்கேயே புல்லைத் திரித்துக் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு செருப்பில்லாத காலோடு இறங்குவாள். பாதி ஊர் அந்தப் புல்லின் கீழ்தான் தூங்கியது. எங்கள் வீடும் அப்படித்தான். எனக்கு ஏழெட்டு வயது வரை கூரை மலைப்புல். முதல் மழை விழுந்ததும் வீட்டுக்குள் ஒரு வாசனை வரும். அதை நான் எந்தக் கவிதையிலும் படித்ததில்லை. நல்லதுதான், படித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

தீ வைத்தீர்களா என்று ஆயாவை நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. “வெக்காம? பழைய தாளு நின்னா புதுப் புல்லு எப்பிடி ஏறும்? பங்குனியில வெச்சா ஒரு மழைக்குத் தளதளன்னு வரும்.” பாவ உணர்ச்சியோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. களை எடுத்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை மலை ஒரு வயல். மரம் வந்தால் நிழல் விழும், நிழல் விழுந்தால் புல் செத்துப்போகும். பல தலைமுறையாக இந்த மலையைப் புல்வெளியாக வைத்திருந்தது அறியாமை அல்ல, ஒரு வேளாண்மை. அதற்குப் பட்டா கிடையாது, வங்கிக் கடன் கிடையாது, அதைச் செய்தவர்களுக்கு நிலமும் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வேளாண்மை மலைக்கு என்ன செய்தது என்று எனக்கும் தெரியும்: மேல்மண் மழையோடு இறங்கிவிட்டது, வருஷா வருஷம் எரிந்த இடத்தில் எந்த மரக்கன்றும் இரண்டாம் கோடையைப் பார்க்கவில்லை. அதை நான் மறுக்கவில்லை. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு துரத்தல் இருக்கிறதே, அதைத்தான் மறுக்கிறேன்.

மரம் வைக்கும் கதையின் நவீன அத்தியாயம் 1987இல் ஒரு கடிதத்தோடு தொடங்குகிறது. ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, தன் நாட்டில் மழைக்காடுகளுக்காகப் போராடிக்கொண்டிருந்த ஜான் சீட் என்பவருக்கு, இந்த மலையைக் காப்பாற்ற உதவுங்கள் என்று எழுதினார். மழைக்காடு தவிர வேறு எதிலும் தலையிடாத ஜான் சீட், லிங்கோத்பவர் கதையைப் படித்து மனம் மாறினார் என்பது அவரே சொல்லும் விஷயம். ஆஸ்திரேலிய அரசின் உதவிப்பணம் வந்தது. அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் உருவாயிற்று. அவர்களுடைய நாற்றுப்பண்ணை எங்கே இருந்தது தெரியுமா? அருணாசலேஸ்வரர் கோயிலின் வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் நடுவே, முள்ளும் குப்பையுமாகக் கிடந்த வெளியில். ஹைதர் காலத்தில் கோட்டையாக இருந்த மதிலுக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கன்றுகள். அந்தக் கோயிலின் ஸ்தலவிருட்சம் மகிழ மரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லின் கதைக்கு நடுவே ஒரு மரத்தை எப்படியோ கோயிலே காப்பாற்றி வைத்திருந்தது.

பிறகு 1997இல் ஜப்பான் கடனில் தமிழ்நாடு காடுவளர்ப்புத் திட்டம் வந்தது. தடுப்பணைகளும் கிராம வனக்குழுக்களும் மாநிலமெங்கும் அதன் கணக்கில் வந்தவை. 2003இல் ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை. 2009இல் அதோடு தொடர்புடையவர்கள் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி. அதன் பிள்ளைகளுக்கு விதை பொறுக்குவதும் கன்று நடுவதும் பாடவேளைகள். கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். இரவில் தீ தெரிந்தால் பச்சைத்தழையை ஒடித்துக்கொண்டு ஓடி அடித்து அணைக்கிறார்கள். கேட்க எளிது. பாறைச் சரிவில், இருட்டில், காற்று திரும்பும்போது செய்து பார்க்க வேண்டும்.

என்ன மரம் வைப்பது என்ற கேள்விக்கு வருவோம், ஏனென்றால் பதிப்பாசிரியரின் யோக்கியதை அங்கேதான் தெரியும். சாம்பியன் என்ற ஆங்கில வன அதிகாரி 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தினார். 1968இல் சேத் என்பவரோடு சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டார். அதில் சோழமண்டலக் கரைக்கு உரியதாக ஒரு வகை உண்டு: உலர் பசுமைமாறாக் காடு. மழை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும், மிச்ச நாளெல்லாம் வெயில். இருந்தும் இலை உதிர்க்காத குட்டை மரங்கள், தோல் போன்ற இலைகள். இந்தியாவின் கிழக்குக் கரையிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் மட்டும் காணக்கூடியது என்று சொல்லலாம். இன்று முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கோயில்காடுகளுக்குத்தான் போக வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. அய்யனாருக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காததால் மிஞ்சியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த மெஹர்-ஹோம்ஜி இந்தக் காடுகளைப் பற்றி நிறைய எழுதினார். திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் மாத்யூ 1980களில் தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களுக்குப் பல தொகுதிகளில் நூல் செய்தார். இவர்கள் பெயர் நம் இலக்கிய வட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நிகண்டு செய்தவர்களுக்கு நாம் தரும் மரியாதையில் பாதியாவது தரலாம்.

ஆக, இந்த மலைக்கான பாடம் கடற்கரைப் பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டது. கரையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது நியாயமான கேள்வி. அந்தக் காட்டுவகையே இயற்கையின் முடிந்த நிலையா, மனிதன் வெட்டி வெட்டிக் குட்டையான நிலையா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. மலையின் சொந்த ஓடைகளில் தப்பி நிற்பவற்றையும் பார்த்து, இலையுதிர்க்கும் மரங்களையும் கலந்து வைக்கிறார்கள். வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, நாவல், தான்றி, வெட்பாலை, உசில். ஆரோவில்காரர்கள் 1968க்குப் பிறகு செம்மண் மேட்டில் தொடங்கியபோது முதலில் ஆஸ்திரேலிய அக்கேஷியாவைத்தான் வைத்தார்கள். மண் நிழல் கண்ட பிறகு 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் நாட்டு மரங்களுக்குப் போனார்கள். அப்பட்டமான இடைச்செருகல்தான், ஆனால் அதன் நிழலில்தான் மூலம் முளைத்தது. பதிப்பியல் தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

அன்று அந்தப் பெண் ஒரு பையிலிருந்து கன்றை எடுத்து, “இது காயா, சார்” என்றாள். கல்லூரியில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்து, வோர்ட்ஸ்வொர்த்தின் மஞ்சள் பூக்களைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். காயாம்பூ வண்ணன் என்ற தொடரைப் பற்றிப் படிமம், உவமை என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். காயா எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பூக்கும்போது கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம் என்றாள். வெட்கமாக இருந்தது. அவளிடம் மூலபாடம் பற்றிப் பேச வந்தவன் நான்.

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே ‘நாட்டுச்செடி’ என்பதற்குத் தேதி உண்டு. எந்தக் கண்டத்துக்கும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பதால், மனிதன் வருவதற்கு முன் தானே வந்து சேர்ந்தவை ஒரு வகை. பாலினேசியர்கள் தோணியில் கொண்டுவந்தவை இரண்டாம் வகை. 1778இல் கேப்டன் குக் வந்த பிறகு நுழைந்தவை மூன்றாம் வகை. பதிவேடு சுத்தம். ஆனால் கவாய்த் தீவின் லிமஹுலி பள்ளத்தாக்கில் காட்டை மீட்கிறவர்கள், பழைய கல்வரப்புப் பாத்திகளைத் திருத்தி அதில் சேம்பும் வைக்கிறார்கள். சேம்பு தோணியில் வந்தது. அது வந்தேறி என்று யாரும் பிடுங்கவில்லை. பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் அதை நட்ட மனிதர்களும் உண்டு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தீவுகளில் 1828இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹோனலூலு மாதாகோயில் முற்றத்தில் நட்ட ஒரு மரத்துக்குக் ‘கியாவே’ என்று பெயர். வறண்ட கரையெல்லாம் பரவிவிட்டது. அது வேறெதுவுமில்லை, நம் சீமைக்கருவேலின் பங்காளி. நமக்கு அது 1877இல் ஜமைக்காவிலிருந்து விதையாக வந்தது, விறகுக்காக, வன இலாகாவே வரவழைத்து. இன்று அதைப் பிடுங்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போடுகிறது. அது இல்லாமல் எத்தனை கிராமங்களில் அடுப்பு எரிந்திருக்காது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

நம்மிடம் 1778 கிடையாது. பாதையோரப் புளிய மரத்தை வந்தேறி என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எந்த ஆண்டுக்கு மலையைத் திருப்புவது? நன்னன் காலத்துத் தினைப்புனத்துக்கா? சம்பந்தரின் அருவிக்கா? ரமணரின் மொட்டைச் சரிவுக்கா? என் ஆயாவின் புல்லுக்கா?

மலை பச்சையாகிவருவது கண்ணுக்குத் தெரிகிறது. வட, மேற்குச் சரிவுகளில் நன்றாகவே தெரிகிறது. இதற்குக் காரணமானவர்களில் மரம் வைத்தவர்களுக்கு முதலிடம் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டாம் இடத்துக்கு என்னிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கேஸ் சிலிண்டர். 2006க்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்பு. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவதாகத் தொடங்கி ஓராண்டில் நின்றுபோன கலைஞர் வீடு வழங்கும் திட்டம். கூரைக்குப் புல் கேட்கிறவன் இல்லாமல் போனான், புல் அறுக்கிறவள் மலை ஏறுவதை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் முதலில் ஷீட் போட்டோம், கோடையில் வெந்தோம், பிறகு தளம் போட்டோம். அந்தக் கடன் இன்னும் மாதாமாதம் என் சம்பளத்தில் கழிகிறது. யாரும் ஆயாவைத் திருத்தவில்லை. அவளுடைய சரக்குக்கு விலை போயிற்று, அவ்வளவுதான். இப்போது பிடிக்கும் தீக்கு அவள் காரணமும் இல்லை. வழியில் ஏற்றிய கற்பூரமும் அணைக்காத பீடியும் போதும். சரித்திரத்தைப் பாவிகள் அழித்தார்கள், தொண்டர்கள் மீட்டார்கள் என்று எழுதினால் இதெல்லாம் விட்டுப்போகும். விட்டுப்போனதை இட்டு நிரப்ப ஒரு புராணம் எப்போதும் தயாராக இருக்கிறது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மறுநாள், டிசம்பர் 1, மழை நிற்காமல் கொட்டியதில் வ.உ.சி. நகரில் மலையின் ஒரு பகுதி பாறையும் சேறுமாகச் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் டிசம்பர் 13 அன்று மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. கொப்பரையும் நெய்யும் தூக்கிப்போகிறவர்கள் மட்டும் போனார்கள். அதற்கடுத்த வாரம் டீக்கடையில் இரண்டு வாதங்களைக் கேட்டேன். மரம் இருந்திருந்தால் சரிந்திருக்காது என்றார் ஒருவர். மலையடியில் வீடு கட்டினால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். இரண்டுமே சுலபமாக இருந்தன. அந்த மழைக்கு எந்த வேர் எதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே வீடு கட்டியவர்கள் வேறு எங்கே கட்டியிருக்க முடியும் என்று மட்டும் கேட்கத் தெரியும். மனைக்கடன் விண்ணப்பங்களைப் பார்க்கிறவன் நான். சமதரையில் இந்த ஊரில் மனை என்ன விலை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஆறேழு ஞாயிறுகள் போய்விட்டேன். நட்டதில் எத்தனை பிழைக்கும் என்பது இரண்டு கோடை தாண்டினால்தான் தெரியும் என்கிறார்கள். கன்றுகளின் பெயர்களில் எனக்குப் பாதி நினைவில் நிற்கவில்லை. கட்டுரை எழுதும் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் விழுந்து கிடந்த சில இலைகளைக் கொண்டுவந்து ஆயாவிடம் காட்டினேன். கண் மங்கிவிட்டது, கசக்கி முகர்ந்து பார்த்தே சொன்னாள். உசிலை முதலில் கண்டுபிடித்தாள். “அரப்பு. இதத்தான் தலைக்குத் தேச்சிக்கினு குளிப்போம்.” விராலியைக் கண்டுபிடித்தாள். வெட்பாலையை உடைத்துப் பால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். நான்காவது இலைக்கு ஒரு பெயர் சொன்னாள், அது நாற்றுப்பண்ணைப் பட்டியலில் இல்லாத பெயர். மறு ஞாயிறு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எந்த ஓடையில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். உங்கள் ஆயாவை ஒருநாள் வந்து பார்க்கலாமா என்றாள்.

ஆயாவிடம் கேட்டேன். வரட்டும் என்றாள். பிறகு, “மரம் வெக்கிறதுக்குக் கூலி எவ்ளோ குடுக்கறாங்க?” என்றாள். கூலி இல்லை, சும்மா செய்கிறார்கள் என்றேன். நம்பவில்லை.